பாடம் சவாலாகவும் இருக்க வேண்டும், வாழ்க்கையோடு ஒட்டியும் இருக்க வேண்டும்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாடத்தை எப்படி நடத்தினால் பிள்ளைகள் மூளையைப் போட்டு உழைப்பார்கள்? "இது எனக்கு வேண்டியதுதான்" என்று எப்போது நினைப்பார்கள்? ஆசிரியர்கள் கூடும் இடங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கான என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஓடுவது ஒரே எண்ணம்தான்: வகுப்பில் யோசிக்கும் வேலை யாருடையது என்று பாருங்கள். அது ஆசிரியருடையதாகவே இருக்கும்வரை, பாடம் எவ்வளவு சுவையாக இருந்தாலும் சவாலும் ஆகாது, பிள்ளைகளுக்குச் சொந்தமும் ஆகாது.

சவாலான பாடம் என்றால் கடினமான பாடம்தானே?

இல்லை. பத்துக் கணக்குக்குப் பதிலாக நாற்பது கணக்கு கொடுத்தால் கை வலிக்கும், யோசனை கூடாது. அடுத்த வகுப்புப் பாடத்தை இந்த வகுப்பிலேயே ஓட்டிவிடுவதும் அப்படித்தான். மாணவர் ஏதாவது ஒரு முடிவு எடுக்க வேண்டிய நிலை வந்தால்தான் அது சவால்: எந்த வழி இங்கே பொருந்தும், எந்த ஆதாரத்தை நம்பலாம், இரண்டு விடைகளில் எது சரி, ஏன். முடிவை எல்லாம் ஆசிரியரே எடுத்துவிட்டு மிச்ச வேலையை மட்டும் மாணவரிடம் தந்தால் அது பயிற்சி. பயிற்சியும் தேவைதான், ஆனால் அதன் பெயர் சவால் இல்லை.

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பியோர்க் 1994இல் "விரும்பத்தக்க சிரமங்கள்" என்ற கருத்தை முன்வைத்தார். கற்கும் நேரத்தில் வேகத்தைக் குறைத்தாலும், பின்னால் நினைவில் நிற்கவும் வேறு இடத்தில் பயன்படுத்தவும் உதவுகிற சிரமங்களை அவர் அப்படிச் சொன்னார். எந்தச் சிரமமும் நல்லது என்று இதற்குப் பொருள் இல்லை. குழப்பமாக எழுதப்பட்ட கேள்வி, பின்வரிசைக்குத் தெரியாத கரும்பலகை, அர்த்தம் தெரியாத சொற்கள் நிறைந்த பத்தி: இவை வெறும் தொல்லை. அவற்றை நீக்கிவிட்டு, பாடத்தின் மையத்தில் இருக்கும் சிரமத்தை மட்டும் விட்டுவையுங்கள்.

கணக்கில் பஸ், ரயில், கடை எல்லாம் வருகிறதே, அது போதாதா?

போதாது. இதற்கு நல்ல சான்று 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த தேசியக் கணித மதிப்பீடு. 13 வயது மாணவர்களிடம் கேட்ட கேள்வி இதுதான்: ஒரு ராணுவப் பேருந்தில் 36 வீரர்கள் அமரலாம். 1128 வீரர்களை அழைத்துச் செல்ல எத்தனை பேருந்துகள் வேண்டும்? ஏறக்குறைய 70 சதவீதம் பேர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் 29 சதவீதம் பேர் "31, மீதி 12" என்று விடை எழுதினார்கள். 32 என்ற சரியான விடையைச் சொன்னவர்கள் 23 சதவீதம்தான்.

"31, மீதி 12 பேருந்துகள்" என்று எந்தக் குழந்தையும் தெருவில் நின்று சொல்லாது. வகுப்பறைக்குள் வந்ததும் ஏன் சொல்கிறது? பள்ளிக் கணக்கில் வரும் பேருந்து நிஜப் பேருந்து இல்லை, எண்களை மூடி வைத்திருக்கும் உறை என்று அது பழகிவிட்டது. உறையைப் பிரி, எண்ணை எடு, வகு, விடை எழுது. இப்படிப் பழக்கியவர்கள் நாம்தான்.

அதனால், பாடத்தில் வாழ்க்கைப் பொருள் வருகிறதா என்று பார்ப்பதைவிட, அந்தச் சூழலை எடுத்துவிட்டால் விடை மாறுமா என்று பாருங்கள். பேருந்துக் கணக்கில் மாறும். மீதியிருக்கும் 12 பேரையும் ஏற்றியாக வேண்டும், அரைப் பேருந்து கிடையாது. அதே வகுத்தலை, 1128 மீட்டர் கயிற்றிலிருந்து 36 மீட்டர் துண்டுகள் எத்தனை வெட்டலாம் என்று கேட்டால் விடை 31. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "ஒரே வகுத்தல்தானே, விடை ஏன் வேறு?" என்று கேட்டுப் பாருங்கள். அங்கேதான் சவாலும் வாழ்க்கைத் தொடர்பும் ஒன்றாகச் சேர்கின்றன.

எந்த அளவு கடினம் சரியான அளவு?

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி சொன்னது இன்றும் நல்ல அளவுகோல். ஒரு பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்கும், தெரிந்த ஒருவரின் துணையோடு செய்யக்கூடியதற்கும் நடுவில் ஒரு பரப்பு இருக்கிறது. கற்றல் அங்கேதான் நடக்கிறது. தனியாகவே செய்ய முடிந்தால் அது பழைய பாடம். துணையோடும் முடியாவிட்டால் இன்னும் காலம் வரவில்லை.

சரி, வகுப்பில் நின்றுகொண்டு இதை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு எண்கள் எனக்கு உதவியிருக்கின்றன. பயிற்சி நேரத்தைப் பற்றியது ஒன்று. கல்வி ஆய்வாளர் பராக் ரோசன்ஷைன் தொகுத்துக் காட்டிய ஆய்வொன்றில், நான்காம் வகுப்புக் கணிதத்தில் சிறப்பாக விளங்கிய ஆசிரியர்களின் வகுப்புகளில் மாணவர் பதில்களில் 82 சதவீதம் சரியாக இருந்தன; பலன் குறைந்த வகுப்புகளில் 73 சதவீதம். அதாவது பயிற்சியில் ஐந்துக்கு நான்கு சரியாக வரலாம். எல்லாமே சரியாக வந்தால் வேலை சுலபமாகிவிட்டது என்று பொருள்.

விவாதத்துக்கு வைக்கும் கேள்வி வேறு ரகம். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர், முதல் தடவை கேட்கும்போது ஏறக்குறைய 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லும் கேள்விகளையே விவாதத்துக்கு எடுத்தார். அதற்கு மேல் போனால் பேச எதுவும் இல்லை. அதற்குக் கீழ் போனால் விளக்கம் சொல்ல ஆளே இல்லை.

ஒரு பாடத்தை எடுத்து மாற்றிக் காட்ட முடியுமா?

சுற்றளவும் பரப்பளவும் எடுத்துக்கொள்வோம். வழக்கமான கேள்வி: நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், சுற்றளவும் பரப்பளவும் காண்க. சூத்திரம் தெரிந்தால் 24, 32 என்று எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடலாம். இதில் முடிவு எடுக்க ஒன்றுமே இல்லை.

இப்போது அதைத் திருப்பிப் போடுங்கள். "நம்மிடம் 24 மீட்டர் வேலி இருக்கிறது. செவ்வகமாக ஓர் இடத்தை அடைக்க வேண்டும். எப்படி அடைத்தால் உள்ளே அதிக இடம் கிடைக்கும்?" முதலில் யாரையும் கணக்குப் போட விடாதீர்கள், ஊகம் மட்டும் கேளுங்கள். "வேலி அதேதானே, எப்படி அடைத்தாலும் இடம் அவ்வளவுதான்" என்று கணிசமான பேர் சொல்வார்கள். சுற்றளவு மாறாவிட்டால் பரப்பளவும் மாறாது என்ற இந்த நம்பிக்கை சூத்திரம் மனப்பாடமான பிள்ளைகளிடமும் இருக்கும். வழக்கமான கேள்வி அதைத் தொடவே தொடாது.

பிறகு கட்டம் போட்ட தாள். 11க்கு 1 என்றால் 11 சதுர மீட்டர். 10க்கு 2 என்றால் 20. 8க்கு 4 என்றால் 32. 6க்கு 6 என்றால் 36. ஒரே வேலி, மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். வகுப்பு "சதுரம்தான் பெரிது" என்ற முடிவுக்கு வந்து நிம்மதியாக உட்காரும்போது அடுத்ததைப் போடுங்கள்: "ஒரு பக்கம் ஏற்கெனவே நீளமான சுவர் இருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு வேலி வேண்டாம். மற்ற மூன்று பக்கத்துக்கும் அதே 24 மீட்டர்."

"சதுரம்தான் டீச்சர், 8க்கு 8, அறுபத்து நாலு" என்று உடனே குரல் வரும். நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள். கொஞ்ச நேரத்தில் எங்கோ ஒரு மூலையில் ஒருவர் அகலம் 7, நீளம் 10 போட்டுப் பார்த்து எழுபது என்பார். அப்புறம் அகலம் 6, நீளம் 12 என்று இன்னொருவர்: எழுபத்திரண்டு. அகலம் 5, நீளம் 14 என்றால் மறுபடி எழுபதுக்கு இறங்கும். சதுரம் ஏன் தோற்றது? இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். சுவரை ஒரு கண்ணாடியாக நினைத்து, சுவருக்கு அந்தப் பக்கமும் இதே வடிவத்தை வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். மொத்தம் 48 மீட்டர் வேலி, 12க்கு 12 சதுரம், அதில் பாதி நம்முடையது. சதுரம் தோற்கவில்லை, சுவருக்குப் பின்னால் மறைந்திருந்தது. இதை ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும் வகுப்பில் இருப்பதைவிட ஆசிரியருக்கு வேறு என்ன வேண்டும்!

இந்த முறையில் சூத்திரப் பயிற்சியும் விட்டுப்போவதில்லை. பிள்ளைகள் ஒரு பீரியடில் பத்துப் பன்னிரண்டு செவ்வகங்களுக்குப் பரப்பளவு போட்டிருப்பார்கள், யாரும் போடச் சொல்லாமலே.

அறிவியலிலும் மொழிப்பாடத்திலும் இப்படிச் செய்ய முடியுமா?

அறிவியலில் இன்னும் எளிது, ஏனென்றால் பிள்ளைகள் வெறுமையாக வருவதில்லை. வெப்பம், விசை, ஒளி பற்றி ஏற்கெனவே ஒரு கருத்தோடுதான் வருகிறார்கள். ஒரே அளவான இரண்டு ஐஸ் கட்டிகள். ஒன்றைத் தட்டில் வையுங்கள், இன்னொன்றைக் கம்பளித் துணியில் நன்றாகச் சுற்றுங்கள். எது முதலில் உருகும்? "கம்பளி சூடு தரும், அதனால் சுற்றியதுதான்" என்று பலர் அடித்துச் சொல்வார்கள். ஊகத்தையும் காரணத்தையும் எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு பிரியுங்கள். தட்டில் வைத்தது பெரும்பாலும் உருகியிருக்கும், சுற்றியது இன்னும் கட்டியாக இருக்கும். கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை, வெப்பம் கடந்துபோவதைத் தாமதப்படுத்துகிறது என்பது அப்போது பாட வரியாக இல்லாமல், தன் தவறான ஊகத்துக்குக் கிடைத்த பதிலாக மனதில் பதியும். ஊகத்தை எழுத வைக்காமல் சோதனை காட்டினால் பாதிப் பலன் போய்விடும். "எனக்கு முதலிலேயே தெரியும்" என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள்.

மொழிப்பாடத்தில் கடிதம் எழுதுவதை எடுத்துக்கொள்ளுங்கள். "நூலகம் கேட்டு விண்ணப்பம் எழுதுக" என்பது யாருக்கும் போகாத கடிதம். உண்மையில் போய்ச் சேரும் கடிதமாக அதை மாற்றுங்கள்: பள்ளியில் மாற வேண்டிய ஒன்றைப் பற்றித் தலைமையாசிரியருக்கு. அவர் என்ன ஆட்சேபம் சொல்வார் என்று யோசித்து, அதற்கும் கடிதத்திலேயே பதில் இருக்க வேண்டும். வரலாற்றில், ஒரே நிகழ்வைப் பற்றி ஒன்றுக்கொன்று முரண்படும் இரண்டு குறிப்புகளைக் கொடுத்து, எழுதியவர் யார், எப்போது, யாருக்காக என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

உயர்நிலைச் சிந்தனை வினாக்கள் கேட்டால் போதுமா?

கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூமும் அவரது குழுவும் 1956இல் வெளியிட்ட, கற்றல் இலக்குகளைப் படிநிலைகளாகப் பிரிக்கும் வகைப்பாட்டை எல்லோரும் ஆசிரியர் பயிற்சியில் படித்திருப்போம். 2001இல் அது திருத்தப்பட்டது: நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், உருவாக்கல். இதை வினைச்சொல் பட்டியலாகப் பயன்படுத்துவதுதான் சிக்கல். "ஏன்", "ஒப்பிடுக", "விமர்சிக்க" என்று கேள்வியைத் தொடங்கிவிட்டால் உயர்நிலை ஆகிவிட்டது என்று நினைக்கிறோம். நேற்று நோட்டில் எழுதிக் கொடுத்த காரணத்தை இன்று "ஏன்?" என்று கேட்டால் அது மனப்பாடக் கேள்விதான். அதே நேரத்தில், "இந்த நான்கில் எது இரட்டை எண்?" என்ற சாதாரணக் கேள்விகூட, பூஜ்ஜியம் அந்த நான்கில் ஒன்றாக இருந்தால், வகுப்பையே பத்து நிமிடம் விவாதிக்க வைக்கும்.

கேள்வியின் நிலை அதன் வினைச்சொல்லில் இல்லை. விடையை மாணவர் எங்கிருந்து எடுக்கிறார் என்பதில் இருக்கிறது.

கேள்வி கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. என்ன செய்வது?

நீங்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை உங்கள் வகுப்பைக் கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து இதை அளந்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடிக்கு மேல் காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள், மாணவர்களே கேள்வி கேட்பதும் கூடியது. காசு செலவில்லாத, எந்தக் கருவியும் வேண்டாத மாற்றம் இது.

அவர் கவனித்த இன்னொரு இடைவெளியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: மாணவர் பதில் சொன்ன பிறகு வருவது. பதில் வந்ததுமே நாம் "சரி, வெரி குட்" என்று மூடிவிடுகிறோம். மூன்று விநாடி சும்மா இருந்தால், சொன்னவரே "ஏன்னா…" என்று தொடர்வார், அல்லது பக்கத்தில் இருப்பவர் "அப்படி இல்லை" என்பார். விவாதம் அங்கேதான் பிறக்கிறது.

கை தூக்குபவர்களிடமே கேட்டுக்கொண்டிருந்தால் மற்றவர்கள் விடுமுறையில் இருப்பார்கள். முதலில் ஒரு நிமிடம் தனியாக எழுதச் சொல்லி, அடுத்து பக்கத்தில் இருப்பவரிடம் பேசச் சொல்லி, பிறகு யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஜோடியில் ஒருமுறை சொல்லிப் பார்த்த பதிலை வகுப்பு முன்னால் சொல்ல அவ்வளவு பயம் இருக்காது.

வகுப்பில் ஐம்பது பேர். இதெல்லாம் சாத்தியமா?

மசூர் 1991 முதல் பயன்படுத்திய முறை பெரிய வகுப்புக்கென்றே அமைந்தது. விடைத்தெரிவுகள் கொண்ட ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் தனியாக யோசித்து, பேசாமல் விடை தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு வேறு விடை சொன்ன ஒருவரைப் பக்கத்தில் தேடிப்பிடித்து, தன் விடைதான் சரி என்று நிறுவ வேண்டும். மறுபடி விடை தேர்வு. மின்னணுக் கருவி எதுவும் வேண்டாம். நெஞ்சுக்கு அருகே விரலால் 1, 2, 3 காட்டினால் போதும், மற்றவர் பார்க்க முடியாது.

தவறான விடைத்தெரிவுகளைக் கவனமாக அமைப்பதில்தான் ஆசிரியரின் திறமை இருக்கிறது. 0.4, 0.35, 0.125 இவற்றில் பெரியது எது? 0.125 என்பவர் இலக்கங்கள் அதிகமானால் எண்ணும் பெரிது என்று நினைக்கிறார். 0.4 என்பது சரியான விடை. ஆனால் தசம எண்ணில் இலக்கம் குறைவானதுதான் எப்போதும் பெரிது என்று தவறாக நினைப்பவரும் அதையே சொல்வார். அதனால் அடுத்ததாக 0.3, 0.45, 0.612 கேளுங்கள். இப்போது அவர் 0.3 என்று சொல்லி வெளிப்படுவார். இரண்டு கேள்வி, இரண்டே நிமிடம். ஐம்பது பேரில் யாருக்கு எந்தக் குழப்பம் என்று விரல்களைப் பார்த்தே தெரிந்துவிடும்.

முதலில் சொல்லிக் கொடுப்பதா, முதலில் திணற விடுவதா?

இதில் இரண்டு பக்கமும் ஆய்வு இருக்கிறது. கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லரின் அறிவுச்சுமைக் கோட்பாடு, புதிதாகக் கற்பவருக்குத் தீர்த்துக் காட்டிய எடுத்துக்காட்டுகள் அதிகம் உதவும் என்கிறது. வழி தெரியாமல் தேடுவதிலேயே மனம் நிரம்பிவிட்டால் கற்க இடமில்லை. மறுபுறம் கல்வி ஆய்வாளர் மனு கபூர், 2008 முதல் வெளியிட்ட ஆய்வுகளில், மாணவர்கள் முதலில் தாங்களே முயன்று தோற்று, பிறகு ஆசிரியர் விளக்கும்போது கருத்துப் புரிதல் ஆழமாவதைக் காட்டினார்.

நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். செய்முறை புதிது என்றால், நீள்வகுத்தல் போல, முதலில் காட்டுங்கள், நிதானமாகக் காட்டுங்கள். ஒரு கருத்து ஏன் தேவைப்படுகிறது என்பது புரிய வேண்டுமென்றால், சராசரிக்கும் பரவலுக்கும் (எண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதற்கும்) உள்ள வித்தியாசம் போல, முதலில் பத்துப் பதினைந்து நிமிடம் முயல விடுங்கள். ஆனால் கபூரின் முறையிலும் கடைசியில் ஆசிரியரின் தெளிவான விளக்கம் உண்டு. திணற விட்டுவிட்டு மணி அடித்ததும் கலைந்து போவது எந்த ஆய்வும் சொல்லாத முறை.

மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு எளிய வேலை தனியாகத் தரலாமா?

தர வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. எளிய வேலை மட்டுமே பெறும் பிள்ளை எளிய வேலை மட்டுமே கற்கும். இடைவெளி ஒவ்வொரு ஆண்டும் கூடும், அதைப் பிள்ளையின் இயல்பு என்று நாம் எழுதி வைப்போம். கேள்வியை அப்படியே வைத்துவிட்டு, ஏறிச் செல்லும் துணையைக் கூட்டுங்கள். வுட், ப்ரூனர், ராஸ் என்ற உளவியலாளர்கள் மூவரும் 1976இல் இந்தத் துணையைச் சாரம் என்று அழைத்தார்கள். கட்டடம் எழும்பும்போது கட்டி, நின்றதும் பிரிக்கிற சாரம்.

வேலிக் கணக்கில் இதன் பொருள்: சிலருக்கு வெறும் தாள், சிலருக்குக் கட்டம் போட்ட தாள், சிலருக்கு முதல் இரண்டு வரிசை நிரப்பிய அட்டவணை. கேள்வி எல்லோருக்கும் ஒன்றே, கடைசி விவாதத்தில் எல்லோருக்கும் இடம். அடுத்த முறை அட்டவணையை எடுத்துவிடுங்கள். சாரத்தை நிரந்தரமாக விட்டுவைப்பதும் தவறு. நன்கு தெரிந்த பிறகும் படிப்படியான வழிகாட்டல் தொடர்ந்தால் அது கற்றலுக்குத் தடையாகிறது என்பதும் ஆய்வில் கண்டதுதான்.

"இதெல்லாம் எனக்கு எதற்கு?" என்று மாணவர் கேட்டால்?

நீங்கள் பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். 2009இல் ஹல்லமன், ஹராக்கிவிச் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், உயர்நிலைப் பள்ளி அறிவியல் மாணவர்களில் ஒரு பகுதியினர் சில வாரங்களுக்கு ஒருமுறை, படித்த பாடத்துக்கும் தங்கள் வாழ்க்கைக்கும் என்ன தொடர்பு என்று எழுதினார்கள். மற்றவர்கள் பாடச் சுருக்கம் எழுதினார்கள். தன்னால் முடியாது என்று நினைத்திருந்த மாணவர்களிடம், தொடர்பை எழுதியவர்களுக்கு ஆர்வமும் கூடியது, மதிப்பெண்ணும் கூடியது. ஹராக்கிவிச் பின்னர் பங்கேற்ற இன்னோர் ஆய்வில், பயனை நேரடியாக எடுத்துச் சொன்னபோது தன்னம்பிக்கை குறைந்தவர்களின் ஆர்வம் குறையவும் கூடும் என்று தெரிந்தது. "இது வாழ்க்கைக்கு ரொம்ப முக்கியம்" என்ற பேச்சு, அது வராத பிள்ளைக்கு மிரட்டலாகத்தான் கேட்கும். தொடர்பைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாப் பாடத்துக்கும் அன்றாடப் பயன் காட்ட வேண்டியதில்லை. பகா எண்கள் முடிவில்லாதவை என்பதற்கான நிரூபணம் யாருக்கும் பஸ் ஏற உதவாது. ஆனால் "கடைசிப் பகா எண் என்று ஒன்று இருக்குமா?" என்ற கேள்வி பத்து வயதுப் பிள்ளையைப் பிடித்து உட்கார வைக்கும். புதிரும் பொருத்தம்தான்.

குழுவாக உட்கார வைத்தால் ஒருவர் செய்கிறார், மற்றவர்கள் பார்க்கிறார்கள்.

ஒருவரே செய்யக்கூடிய வேலையைக் குழுவுக்குக் கொடுத்தால் அப்படித்தான் ஆகும். உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் தொடங்கிய முறையில் ஒவ்வொருவரிடமும் பாடத்தின் ஒரு துண்டு மட்டும் இருக்கும். மற்றவர் பேசாமல் முழுப்பாடம் கிடைக்காது. அதைச் செய்ய நேரம் இல்லாவிட்டால், குழுவின் பதிலை யார் சொல்வது என்பதைக் கடைசி நிமிடத்தில் நீங்கள் தேர்ந்தெடுங்கள்.

அப்படியானால் மனப்பாடமே கூடாதா?

கூடும், வேண்டும். வாய்ப்பாடு தெரியாத பிள்ளை வேலிக் கணக்கில் பெருக்குவதிலேயே களைத்துவிடும். யோசிக்கப் பொருள் வேண்டுமே. மறுபடி மறுபடி படிப்பதைவிட, மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எடுப்பது நல்லது. ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள்.

பயிற்சிகளைக் கலந்து கொடுப்பதும் இதே வகை. 2007இல் ரோரரும் டெய்லரும், கன அளவு காணும் நான்கு வகைக் கணக்குகளைக் கல்லூரி மாணவர்களுக்குக் கற்பித்தார்கள். வகைவாரியாகப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியில் 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள். கலந்து செய்தவர்கள் 60 சதவீதம். ஒரு வாரம் கழித்துத் தேர்வு: வகைவாரியாகச் செய்தவர்கள் 20, கலந்து செய்தவர்கள் 63. கலந்து வரும்போது, "இது எந்த வகைக் கணக்கு?" என்ற முடிவை ஒவ்வொரு தடவையும் மாணவரே எடுக்க வேண்டியிருக்கிறது. பாடப்புத்தகப் பயிற்சியின் தலைப்பே அந்த முடிவை எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிரித்துக் கற்பிக்க வேண்டுமா?

வேண்டாம். 2008இல் பாஷ்லர் முதலிய நால்வர் செய்த மீளாய்வில், அப்படிப் பிரித்துக் கற்பித்தால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. வரைபடம் தேவைப்படும் பாடத்துக்கு எல்லோருக்கும் வரைபடம் காட்டுங்கள்.

நோட்டுத் திருத்தும்போது மதிப்பெண் போடலாமா?

கற்கும் நடுவில் போடாதீர்கள். ரூத் பட்லரின் 1988 ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்களுக்கு ஆர்வமும் திறனும் கூடின. குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எண்ணைப் பார்த்ததும் கண் குறிப்புக்குப் போவதில்லை. "நன்று" என்பதும் குறிப்பு இல்லை. "உன் இரண்டாவது காரணத்துக்கு ஆதாரம் எங்கே?" என்பது குறிப்பு. அதற்குப் பதில் எழுத வகுப்பிலேயே ஐந்து நிமிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் சிவப்பு மை வீண்.

சிலபஸ் முடிக்கவே நேரம் இல்லையே?

நேரம் குறைவு என்பது உண்மை. ஒவ்வொரு பாடத்தையும் இப்படி நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம். ஒரு அலகில் பிள்ளைகள் எங்கே வழக்கமாகத் தடுக்குகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஓர் இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து முழு பீரியட் கொடுங்கள், மற்றதை வேகமாக நேரடியாகச் சொல்லிக் கொடுங்கள். தசமத்தின் மதிப்பு புரியாமல் தசமப் பெருக்கல், வகுத்தல் என்று ஓடிய வகுப்பு, மூன்று மாதம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பி வரும். அதற்கு ஆகும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

"நீங்களே சொல்லிக் கொடுத்துவிடுங்கள், இப்படி ஒன்றும் புரியவில்லை" என்று மாணவர்களே முறையிட்டால்?

கட்டாயம் முறையிடுவார்கள், அதுவும் நன்றாகப் படிப்பவர்கள்தான் முதலில். ஹார்வர்டில் டெலோரியேயும் குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகக் காட்டியது. ஒரே இயற்பியல் பாடம், ஒரே குறிப்புகள். சிலர் தேர்ந்த விரிவுரை கேட்டார்கள், சிலர் குழுவாக யோசித்துக் கணக்குப் போட்டார்கள். தேர்வில் யோசித்தவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் "எவ்வளவு கற்றதாக உணர்கிறாய்?" என்று கேட்டபோது விரிவுரை கேட்டவர்களே அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். சரளமான பேச்சைக் கேட்கும்போது புரிந்த மாதிரி இருக்கும், தானே முட்டி மோதும்போது ஒன்றும் வராத மாதிரி இருக்கும்.

இதை மாணவர்களிடம் மறைக்காதீர்கள். முதல் வாரத்திலேயே இந்த ஆய்வைச் சொல்லி, "கொஞ்ச நாள் இப்படித்தான் இருக்கும்" என்று வெளிப்படையாகப் பேசுங்கள். முதல் சிறு தேர்வை முன்னதாகவே வைத்து, கற்றிருப்பதை அவர்களே பார்க்கச் செய்யுங்கள். அதே நேரத்தில் புகாரை முழுக்கத் தள்ளிவிடவும் வேண்டாம். "எங்கே நின்றுபோனாய், காட்டு" என்று கேளுங்கள். கேள்வியே புரியவில்லை என்று காட்டினால் கேள்வியைத் திருத்துங்கள். முயன்ற வழியைக் காட்டி, "இதற்கு மேல் போகவில்லை" என்றால், விடையைச் சொல்லாமல் இன்னும் ஐந்து நிமிடம் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.